மூச்சு தயார், எலும்பு தயாரில்லை: புதிதாக ஓடத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கக் கரையில் எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். அவருக்கு இது ஏழாவது வாரம். வாயைப் பிளந்து மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். அங்கே ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர். முடித்ததும், "அண்ணே, போன வாரத்தைவிட ஒரு நிமிஷம் குறைச்சிட்டேன்!" என்றார். சொல்லிக்கொண்டே காலுறையை இறக்கிவிட்டு, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்கால் எலும்பின் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் அதே கரையில் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன்.

தண்ணீர் குடியுங்கள், தேய்ந்த காலணியை மாற்றுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு ஓட்டத்தையும் 2.4 ஆக்குவது

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு ஓட்டம் என்றாலே 2.4 கிலோமீட்டர்தான். பள்ளியில் நாப்ஃபா, தேசிய சேவையில் ஐபிபிடி என்று உடற்தகுதித் தேர்வுகள். இரண்டிலும் எல்லைக்கோட்டில் ஒருவர் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஓடினால் நெஞ்சு எரிய வேண்டும், போன தடவையைவிட நேரம் குறைய வேண்டும் என்பது பதின்ம வயதிலேயே உடம்பில் ஊறிவிடுகிறது. முப்பது, நாற்பது வயதில் மறுபடி ஓட வருகிறவர்களும் அந்தப் பழக்கத்தோடுதான் வருகிறார்கள். 2.4 என்பது தேர்வு. வாரத்துக்கு நான்கு நாள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தால் பாடம் படிப்பது எப்போது?

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஒரு தவறுதான். செய்கிறவருக்கு இது தவறாகவே தெரியாது. ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று வாரத்திலேயே இரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. முதல் வாரம் மூச்சு வாங்கிய பாலத்தை நான்காம் வாரம் சிரித்துக்கொண்டே ஏறிவிடலாம். உடம்பு தயாராகிவிட்டது என்ற எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் மாறுவதில்லை. சுமை கூடும்போது எலும்பு தன்னைப் புதுப்பிக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் பழைய தரை ஓடுகளைப் பெயர்ப்பது போல, பழைய எலும்பை அரித்தெடுத்த பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. அரிக்கச் சில வாரங்கள் போதும், கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். நமக்கு உற்சாகம் பொங்குகிற நேரத்தில்தான் எலும்பு நடுவேலையில் இருக்கிறது.

நான் செய்தது இதுதான். ஒன்பதாவது வாரம் முன்காலில் வலி தொடங்கியது. முதல் ஒரு கிலோமீட்டர் வலிக்கும், பிறகு அடங்கிவிடும். அடங்குகிறதே என்று தொடர்ந்தேன். அடுத்த வாரம் அடங்கவில்லை. ஒரு கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எலும்பில் விழும் நுண்விரிசல் ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் ஓடினேன். ஒரு நாள் மாலை பேருந்திலிருந்து இடதுகாலை ஊன்றி இறங்கினேன், அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார்கள். பழையபடி அரை மணி நேரம் நிற்காமல் ஓட எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. என் மகள் அந்த வருடம்தான் ஓடிப்பிடித்து விளையாடக் கற்றுக்கொண்டாள். நான் எங்கள் அடுக்குமாடியின் கீழே வெற்றுத்தளத்துக் கல்நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் முன்கால் வலி என்று யார் சொன்னாலும், கட்டைவிரலால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழே மெதுவாக அழுத்திக்கொண்டே வரச் சொல்வேன். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது எலும்பைச் சுற்றிய எரிச்சல். ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று குத்தினால், நடக்கும்போதோ இரவில் படுத்திருக்கும்போதோ வலித்தால், அன்றோடு நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்தத் தம்பிக்கு நல்லவேளையாகப் பரவலான வலிதான்.

சரி, எவ்வளவு மெதுவாக ஓடுவது? கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடச் சொல்வேன். பக்கத்தில் ஓடிக்கொண்டே, "நேத்து ராத்திரி வீட்ல என்ன சமையல்?" என்று கேட்பேன். "சோறு, வஞ்சிர மீன் குழம்பு, கொஞ்சம் கங்கோங் கீரைப் பிரட்டல், அம்மா செஞ்சாங்க" என்று ஒரே மூச்சில் பதில் வந்தால் வேகம் சரி. "மீன்… கொழம்பு…" என்று உடைந்து வந்தால் வேகம் அதிகம். நடைக்குப் பக்கத்தில் போகிற வேகமாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் மூன்று மாதத்துக்கு எல்லா ஓட்டமும் இந்த வேகத்தில் இருக்கட்டும்.

நடப்பதற்குக் கூச்சப்படுவது

ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடங்கள். வாரத்துக்கு மூன்று நாள், இருபத்தைந்து நிமிடம். அதுவும் ஓட்டம்தான்.

பத்து விழுக்காட்டைக் கவசமாக நம்புவது

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற விதியை எல்லாரும் சொல்வார்கள். நிதானத்துக்கு அது உதவும், ஆனால் காப்பீடு இல்லை. 2008ல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு பத்து விழுக்காட்டு விதிப்படி 13 வாரம் பயின்றது, மற்றது 8 வாரத்தில் வேகமாகக் கூட்டியது. இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். அதனால் கணக்கை மட்டும் பார்க்காமல் கால் சொல்வதையும் கேளுங்கள். மறுநாள் காலை படியிறங்கும்போது வலித்தால் அந்த வாரம் தூரத்தைக் கூட்ட வேண்டாம். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறையுங்கள்.

காலைக் குளிர்ச்சியை நம்புவது

ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்களும் இங்கேயே பிறந்தவர்களும் சேர்ந்தே ஏமாறுகிற இடம் இது. விடிகாலை 25, 26 டிகிரிதானே என்று வேகத்தைக் கூட்டுகிறார்கள். அந்த நேரத்தில்தான் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். பிற்பகலில் மழை இல்லாவிட்டால் அது 60 வரை இறங்கும், ஆனால் வெயில் கொளுத்தும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது சொட்டுகிறதே தவிர சரியாக ஆவியாவதில்லை. சட்டையைப் பிழிந்து, "நல்லா வேர்த்துச்சு" என்று பெருமைப்படுகிறோமே, அது குளிர்விக்காமலே வழிந்த வியர்வை. இந்த வெக்கைக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஊருக்குப் போய் ஒரு மாதம் ஓடாமல் இருந்துவிட்டுத் திரும்பினால், முதல் நாளிலிருந்து மறுபடி பழக வேண்டும்.

கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிழலில் கிடத்தித் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள். இன்னொருவர் 995ல் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். வியர்க்கிறதே, அதனால் வெப்பத்தாக்கம் இல்லை என்று நினைப்பது தவறு. ஓடும்போது தாக்கினால் வியர்த்துக்கொண்டேயும் விழுவார்கள்.

சோற்றைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுவது

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்பேன். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எலும்பைக் கட்டப் பொருள் எங்கிருந்து வரும்? பெண்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை மணி உண்டு. மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றாலோ, உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எங்கள் குழுவில் ஓர் அக்கா இதைச் சொல்லக் கூச்சப்பட்டு நான்கு மாதம் மறைத்தார். கூச்சம் வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"சுப்பையா வெறுங்காலோடுதானே ஓடினார்?"

காலணி எதற்கு என்பவர்கள் இப்படிக் கேட்பார்கள். ஓடினார்தான். சிங்கப்பூரின் நெடுந்தூர ஓட்டக்காரர் பி. சி. சுப்பையா 1973ல் 10,000 மீட்டரை 31 நிமிடம் 19 நொடியில் முடித்தார். அந்தத் தேசியச் சாதனை 2014 வரை நின்றது. அவர் பெயரைக் கேட்டால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அவருடைய பாதம் பல வருடங்களாகத் தரைக்குப் பழகியது. உங்களுடையது அலுவலகக் காலணிக்குள் வளர்ந்தது.

பணம் கட்டிவிட்டோமே என்று வலியோடு பந்தயத்துக்குப் போவது

பணம் போனால் போகட்டும்.

இடி கேட்ட பிறகும் சுற்றை முடிப்பது

உடனே கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடியிலும் நீர்க்கரையிலும் நிற்காதீர்கள். மீதிச் சுற்றை நாளைக்கு ஓடிக்கொள்ளலாம்.