ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் மாதிரியை எண்ணத் தெரிய வேண்டும்

புள்ளியியல் துறையில் இருப்பவருக்குப் பிற துறைகளின் ஆய்வுக் குழுக்களில் இடம் கிடைப்பது எளிது. முனைவர் பட்ட மாணவர் தரவையெல்லாம் திரட்டி முடித்த பிறகு, ‘கணக்கை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்’ என்று வழிகாட்டி அனுப்பிவைப்பார். அவ்வாறு கோட்பாட்டு இயற்பியல், பாறை இயக்கவியல், விளையாட்டு மருத்துவம், கல்வியியல் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துறைகளிலிருந்து வரும் ஆய்வேடுகளைப் படிக்கும்போது, துறை மாறினாலும் தவறு மாறாமல் இருப்பதைக் காண்கிறேன். மாணவப் பருவத்தில் நானும் செய்தவை அவற்றில் பல. பிறர் எழுத்தைத் திருடுவது, அலகுகளைக் குழப்புவது, அட்டவணையில் ஓர் எண்ணும் உரையில் வேறோர் எண்ணும் தருவது போன்றவற்றை எந்த வழிகாட்டியும் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அளவீடுகளை மாதிரிகளாக எண்ணுதல்

பாறை இயக்கவியல் மாணவர் ஒருவர் ஒற்றையச்சு அமுக்க வலிமைச் சோதனையின் (பாறை உருளையை ஒரே திசையில் அழுத்தி உடைக்கும் சோதனை) முடிவுகளோடு வந்தார். முப்பது உருளைகள், மிகச் சிறிய திட்டப் பிழை (சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு). அதைக் கொண்டு ஒரு குன்றின் சார்னோக்கைட் பாறை முழுவதற்குமான சராசரி வலிமையை அறிவித்திருந்தார். சோதனைக்கு முன் எடுத்த புகைப்படத்தில், தட்டில் அடுக்கிய ஒவ்வோர் உருளையின் மேலும் சிவப்பு மையால் பி1-1, பி1-2 என்று தொடங்கி பி1-30 வரை எழுதியிருந்தது. ‘பி2 எங்கேப்பா?’ என்று கேட்டேன். ‘குவாரியில ஒரே கல்லுதான் சார் குடுத்தாங்க’ என்றார்.

அவர் முப்பது இடங்களின் பாறையைச் சோதிக்கவில்லை. ஒரே கல்லை முப்பது முறை சோதித்திருக்கிறார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் அதே பானையிலிருந்து முப்பது பருக்கைகளை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் அடுத்த வீட்டு உலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. உருளைகளுக்கிடையே அவர் கண்ட சிதறல், அந்தக் கல்லுக்குள் கனிமங்களும் நுண்விரிசல்களும் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதையும், உருளையின் முனைகளைத் தேய்த்துச் சமப்படுத்தியதில் இருந்த குறைகளையும் காட்டும். குன்றின் ஒரு சரிவுக்கும் மறு சரிவுக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சிதறலுக்குள் வரவே இல்லை. பன்னாட்டுப் பாறை இயக்கவியல் கழகத்தின் பரிந்துரை, குறைந்தது ஐந்து உருளைகளைச் சோதிப்பது நல்லது என்கிறது. அது ஒரு பாறை மாதிரியின் வலிமையை அறிவதற்கான எண்ணிக்கையே தவிர, ஒரு குன்றை அறிவதற்கானது அன்று. ஐந்துக்குப் பதிலாக முப்பதைச் சோதித்துவிட்டதால் குன்றைப் பற்றிய நம்பகம் பெருகிவிட்டதாக மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

இதற்குப் ‘போலி மறுசெய்கை’ என்னும் பொருள்படப் பெயர் சூட்டியவர் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட். 1984இல் அவர் தம் துறையின் 176 சோதனை ஆய்வுகளைப் பரிசீலித்து, 27 விழுக்காட்டில் இந்தத் தவறு இருப்பதைக் காட்டினார். அவற்றுள் புள்ளியியல் சோதனைகளைப் பயன்படுத்தியவற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் அது 48 விழுக்காடாகிறது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இதே தவறு என் மேசைக்கு வந்துகொண்டிருக்கிறது.

கல்வியியலில் இதன் வடிவம் இன்னும் பழகியது. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்குப் புதிய கற்பித்தல் முறை, ‘ஆ’ பிரிவுக்குப் பழைய முறை. பிரிவுக்கு நாற்பது பேர். முன்தேர்வு, பின்தேர்வு, இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை, பிறகு 0.001க்கும் குறைவான ஒரு பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு). கோப்பில் எண்பது வரிகள் இருப்பதால் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் மாதிரியின் அளவை எண்பது என்றே எடுத்துக்கொள்ளும். முதல் நாற்பது பேரும் ஒரே ஆசிரியரிடம், ஒரே அறையில், மதிய உணவுக்குப் பிந்தைய அதே பாடவேளையில் படித்தவர்கள் என்பது அதற்குத் தெரியாது. இங்கே சோதனைக்கு ஒரு வகுப்பு, ஒப்பீட்டுக்கு ஒரு வகுப்பு. ஆகவே பக்கத்துக்கு மாதிரி ஒன்றுதான். கிடைத்த வேறுபாடு முறையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா என்பதை எவ்வளவு உயர்ந்த பகுப்பாய்வாலும் பிரித்தறிய முடியாது, ஏனெனில் அந்த இரண்டும் ஒன்றாகவே மாறியிருக்கின்றன.

சரி, பக்கத்துக்கு மூன்று வகுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 மாணவர்கள். ஒரே தொகுதியைச் சேர்ந்தவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை அளக்க உள்தொகுதி ஒட்டுறவு என்ற எண் உண்டு. பள்ளித் தேர்வு மதிப்பெண்களில் அது 0.2 அளவில் இருப்பது வியப்பன்று. புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் மாதிரிக் கணக்கெடுப்புக்காகத் தந்த சூத்திரப்படி, வகுப்பின் அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, அதை அந்த ஒட்டுறவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்: 39 × 0.2 + 1 = 8.8. இந்த எண்ணால் 240ஐ வகுத்தால் வருவது ஏறத்தாழ 27. ஆய்வேட்டின் முகப்பில் 240 என்று எழுதியவரிடம் உண்மையில் 27 பேருக்குரிய தகவலே இருக்கிறது. அதே சூத்திரத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். ஒட்டுறவு 0.2 என்றால், வகுப்பில் அறுபது பேர் இருந்தாலும் அறுநூறு பேர் இருந்தாலும் அந்த வகுப்பின் மதிப்பு ஐந்து தனி மாணவர்களைத் தாண்டாது. மாணவர்களைக் கூட்டுவதால் பெரிய பயனில்லை; வகுப்புகளைக் கூட்ட வேண்டும்.

பெரிய ஆய்வுகள் இதனால்தான் வேறு விதமாக அமைகின்றன. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஸ்டார் ஆய்வு, வகுப்பின் அளவு குறைந்தால் கற்றல் மேம்படுமா என்பதை 79 பள்ளிகளில், முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்ட வகுப்பறைகளில் சோதித்தது. ஆந்திரப் பிரதேசத்தில் ஆசிரியர்களுக்குச் செயல்திறன் அடிப்படையில் ஊக்கத்தொகை தருவதைப் பற்றிக் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில், தனிநபர் ஊக்கத்தொகைக்கு 100 பள்ளிகள், குழு ஊக்கத்தொகைக்கு 100, ஒப்பீட்டுக்கு 100 என்று பள்ளிகளையே குலுக்கிப் பிரித்தார்கள். ஆய்வு மாணவர் ஒருவரால் முந்நூறு பள்ளிகளுக்குப் போக முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு வகுப்புகளை வைத்துக்கொண்டு பொது முடிவை அறிவிக்காமல் இருப்பது அவரால் முடியும்.

விளையாட்டு மருத்துவத்தில் பெருக்கம் உடலுக்குள்ளேயே நடக்கிறது. பன்னிரண்டு வீரர்கள், ஆளுக்கு இரண்டு தொடைகள், ஒவ்வொன்றின் தசைத் தடிமனையும் அல்ட்ராசவுண்டில் மூன்று முறை அளந்தால் 72 எண்கள் கிடைக்கும். வீரர்கள் பன்னிரண்டு பேர்தாம். ஒருவரின் இரு கால்களும் ஒரே உணவையும் ஒரே உறக்கத்தையும் பங்கிட்டுக்கொள்பவை. இந்த ஒற்றுமை எப்போதும் கேடும் அன்று: ஒரு காலுக்குப் பயிற்சி தந்து மற்றதை விட்டு இரண்டையும் இணையாக ஒப்பிட்டால், வீரருக்கு வீரர் உள்ள வேறுபாடு கழிந்துபோய் ஆய்வு கூர்மையாகும். (ஆயினும் ஒரு கைக்குத் தரும் பயிற்சி மறுகையின் வலிமையையும் கூட்டுகிறது என்பது 1894இலேயே பதிவான செய்தி, விட்டுவைத்த கால் முற்றிலும் தூய ஒப்பீடு ஆகாது.)

கோட்பாட்டு இயற்பியலார் இதைப் படித்துவிட்டு, தங்களுக்கு உருளையும் இல்லை, வகுப்பறையும் இல்லை என்று நகர வேண்டாம். காந்தத்தைச் சட்டகப் புள்ளிகளில் மேலோ கீழோ நோக்கும் சுழற்சிகளாகக் கருதும் இருபரிமாண ஐசிங் மாதிரியை, சுழற்சிகளை ஒவ்வொன்றாகத் தற்செயல் முறையில் திருப்பிப் பார்க்கும் மெட்ரோபோலிஸ் முறையில் கணினியில் ஓட்டி, ‘பத்தாயிரம் சுற்றுகளின் சராசரி, ஆகவே பிழை நூறில் ஒரு பங்கு’ என்று எழுதுபவரும் அந்த மாணவரைப் போல ஒரே கல்லைத்தான் திரும்பத் திரும்ப உடைக்கிறார். ஒவ்வொரு சுற்றின் அமைப்பும் முந்தைய சுற்றிலிருந்து சிறிது மாறியதே. நிலைமாற்ற வெப்பநிலையில் இந்த நினைவு நீங்க ஆகும் காலம், சட்டகத்தின் பக்க நீளத்தின் ஏறத்தாழ 2.17ஆம் அடுக்காக வளர்கிறது; பக்கத்தை இரட்டித்தால் காலம் நாலரை மடங்காகிவிடும். பக்கத்துக்கு 64 புள்ளிகள் உள்ள சட்டகத்தில் அது ஆயிரக்கணக்கான சுற்றுகளாக இருப்பதால், பத்தாயிரம் சுற்றுகளில் ஒன்றையொன்று சாராத அமைப்புகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே தேறும். சுழற்சிகளைக் கொத்துக் கொத்தாகத் திருப்பும் முறைகளை 1987இல் ஸ்வெண்ட்சனும் வாங்கும், 1989இல் உல்ஃபும் கொண்டுவந்தது இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான். அவற்றைப் பயன்படுத்தாவிட்டாலும், அடுத்தடுத்த அளவீடுகளைத் தொகுதிகளாகச் சேர்த்துச் சராசரி எடுத்து, பிழை மேலும் வளராத நிலை வரும்வரை தொகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

மற்றத் தவறுகளைக் கண்டால் திருத்திக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவேன். இது மட்டும் இன்றும் எரிச்சலூட்டுகிறது. காரணம், தரவு திரட்டிய பிறகு இதற்கு மருந்தில்லை. ஆனால் திரட்டுவதற்கு முன் பெரும்பாலும் செலவே இல்லாமல் தவிர்த்திருக்கலாம். ஆர்.ஏ. ஃபிஷர் 1938இல் கொல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுத் தலைமை உரையில், சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரை அழைப்பது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பதே என்றார். ஒரு கல்லிலிருந்து முப்பது உருளைகளைத் துளைப்பதற்குப் பதிலாகப் பத்து இடங்களிலிருந்து மும்மூன்று உருளைகளை எடுத்திருந்தால் ஆய்வுக்கூடச் செலவு ஒரு ரூபாய் கூடியிருக்காது; ஜீப் வாடகையும் இரண்டு நாள் அலைச்சலும்தான் கூடுதல். திட்ட முன்மொழிவை எழுதும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஆய்வை இன்னொருவர் வேறோர் ஊரில் முதலிலிருந்து செய்வதென்றால், அவர் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது எது? கல்லா, வகுப்பா, வீரரா, சார்பற்ற அமைப்பா? மாதிரியின் அளவு அதன் எண்ணிக்கைதான்.

உடைந்ததை விட்டுவிட்டு மிஞ்சியதை அளத்தல்

பாறை உருளையின் விட்டம் 54 மில்லிமீட்டர் என்றும் உயரம் அதன் இரண்டரை மடங்கு என்றும் கொண்டால், சோதனைக்கு 135 மில்லிமீட்டர் நீளமுள்ள முழுத் துண்டு வேண்டும். துளையிடும்போதே நொறுங்கிய பகுதிகளிலிருந்து அப்படியொரு துண்டு கிடைக்காது. எனவே சோதனை எந்திரத்தை அடைபவை எல்லாம் ஏற்கெனவே தப்பிப் பிழைத்த வலிய துண்டுகள்; அவற்றின் சராசரி, பாறையை உள்ளதைவிட வலியதாகக் காட்டும். எவ்வளவு நீளம் துளையிட்டோம், அதில் எத்தனை விழுக்காடு பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளாகக் கிடைத்தது என்பதைத் தெரிவிக்கும் ஆர்.கியூ.டி. மதிப்பைப் பக்கத்திலேயே தராத வலிமை அட்டவணையை நான் நம்புவதில்லை. வலி தாங்காமல் பயிற்சியை நடுவில் விட்ட வீரர்களையும், பின்தேர்வு நாளில் வராத மாணவர்களையும் சத்தமில்லாமல் நீக்கிவிடுவது இதே வேலையைத்தான் செய்கிறது.

தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள்

வேண்டாம்.

ஒட்டுறவு உயர்வாக இருப்பதால் இரு கருவிகளும் ஒன்றே என்று முடிவு கட்டுதல்

முழங்கால் மடங்கும் கோணத்தைக் கைபேசிச் செயலி ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்து பாகை கூட்டிக் காட்டினாலும், கோணமானியோடு அதன் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு) 1 ஆகவே இருக்கும். இரண்டு அளவீடுகளின் வேறுபாட்டை அவற்றின் சராசரிக்கு எதிராக வரைந்து பார்க்கும்படி பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் சொன்னார்கள். அந்த வரைபடத்தைப் போடப் பத்து நிமிடம் போதும். ஆயினும் கருவி ஒப்பீட்டு ஆய்வேடுகள் அது இல்லாமலேயே வந்துகொண்டிருக்கின்றன.

கடைசியில் நிற்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தல்

வகுப்பில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற இருபது பேருக்குச் சிறப்புப் பயிற்சி தந்து, மறுதேர்வில் மதிப்பெண் உயர்ந்ததைச் சான்றாகக் காட்டுகிறார்கள். முதல் தேர்வன்று காய்ச்சலோடு எழுதியவரும், தெரிந்த கேள்வி வராமல் போனவரும் அந்த இருபதில் இருப்பார்கள். பயிற்சியே தராவிட்டாலும் அடுத்த முறை அவர்களின் சராசரி ஓரளவு ஏறியிருக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது சிகிச்சைக்கு வரும் வீரர்களுக்கும் இது பொருந்தும். பயிற்சி பெறாத இன்னொரு குழு, அதுவும் இதே கடைசி வரிசையிலிருந்து குலுக்கி எடுத்தது, இல்லாமல் இந்த உயர்வுக்குப் பொருளில்லை.

ஆய்வுக்கூட உருளையை மலையாகக் கருதுதல்

ஹோக்கும் பிரவுனும் 1980இல் தந்த உறவின்படி, உருளையின் விட்டம் 50 மில்லிமீட்டரிலிருந்து 200 ஆனாலே வலிமை ஏறத்தாழ 22 விழுக்காடு குறைகிறது. இது விரிசலற்ற பாறைக்குச் சொன்னது. மலையில் விரிசல்கள் உண்டு.

பி-மதிப்பு 0.05ஐத் தாண்டியதும் ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுதல்

நார்வேயில் 125 கால்பந்துச் சங்கங்களைச் சேர்ந்த, 13 முதல் 17 வயதுவரையான 1892 வீராங்கனைகளிடம் ஒரு காயத் தடுப்புப் பயிற்சியைச் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்களை அன்றி, சங்கங்களைக் குலுக்கிப் பிரித்தார்கள். பகுப்பாய்விலும் சங்கம் என்ற தொகுதியைக் கணக்கில் கொண்டார்கள். இடுப்புக்குக் கீழான காயங்களின் வீத விகிதம் (பயிற்சி பெற்றவர்களின் காய வீதத்தைப் பெறாதவர்களின் வீதத்தால் வகுத்தது; 1 என்றால் வேறுபாடு இல்லை) 0.71 என்றும், அதன் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.49 முதல் 1.03 வரை என்றும் வந்தது. அவர்கள் முதன்மையாக அளக்க எண்ணியது இதைத்தான். இடைவெளி 1ஐத் தாண்டியதால் எல்லைக்கோட்டைச் சற்றே தவறவிட்டது. கடுமையான காயங்களிலும் மிகைப்பயன்பாட்டுக் காயங்களிலும் குறைவு தெளிவாக இருந்தது. இதைப் ‘பயனில்லை’ என்று எழுதும் மாணவர் எண்ணைப் படிக்கவில்லை என்றே பொருள். காயங்கள் 51 விழுக்காடு குறைவதிலிருந்து 3 விழுக்காடு கூடுவது வரை எதுவும் இந்தத் தரவோடு ஒத்துப்போகும் என்று எழுத வேண்டும். இடைவெளியின் இரு முனைகளையும் சுருக்கவுரையிலேயே தர வேண்டும்.