நூலகச் சந்தா இருந்தும் கட்டுரை திறக்கவில்லையா? ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம்

ஒரு ஆய்வுக் கட்டுரை அவசரமாக வேண்டும். லிங்கை அழுத்தினால் சுருக்கம் மட்டும் தெரிகிறது, கீழே விலை போட்டிருக்கிறது. தயவுசெய்து உடனே பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் அந்த இதழுக்கு ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பது பதிப்பகத்தின் தளத்துக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அதற்கு எப்படித் தெரியும்? வளாகத்து வைஃபையில் இருந்தால் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) வைத்துக் கண்டுகொள்ளும். வெளியே இருந்தால் மூன்று வழிகள்: நூலகத்தின் ப்ராக்ஸி (உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே நின்று பக்கத்தைத் திறந்து தரும் சர்வர்), விபிஎன் (உங்கள் இணைப்பைப் பல்கலைக்கழக நெட்வொர்க் வழியாக அனுப்பும் வசதி), அல்லது பல்கலைக்கழகக் கணக்கு மூலம் லாகின். உங்கள் நூலகம் இவற்றில் எதை வைத்திருக்கிறது என்பதை நூலகத் தளத்தின் உதவிப் பக்கத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் செய்யும் எந்த முயற்சியும் குருட்டாம்போக்குதான்.

படி 1: நூலகத் தளத்திலிருந்து தொடங்குங்கள்

என் அனுபவத்தில் பெரும்பாலான சிக்கல்கள் இங்கேயே தீர்ந்துவிடும். கூகுளில் தேடி நேராகப் பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போனால், அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரோ ஒருவர். அதே இதழை நூலகத் தளத்தில் தேடி, அங்குள்ள லிங்க் வழியாகப் போனால் நடுவே பல்கலைக்கழக லாகின் பக்கம் வரும். அதைத் தாண்டினால் கட்டுரை திறக்கும்.

ப்ராக்ஸி வேலை செய்கிறதா என்று முகவரிப் பட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பல நூலகங்கள் பயன்படுத்தும் ஈஸிப்ராக்ஸி மென்பொருளில், பதிப்பகத் தளத்தின் பெயரில் இருக்கும் புள்ளிகள் சிறு கோடுகளாக மாறியிருக்கும். அதன் பின்னால் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒட்டியிருக்கும். அந்த வால் இல்லையென்றால் நீங்கள் ப்ராக்ஸி வழியாக வரவில்லை.

புக்மார்க்கிலும் கவனம் தேவை. லாகின் செய்தபின் தெரியும் நீளமான முகவரியைச் சேமித்தால் அடுத்த வாரம் திறக்காமல் போகலாம். கட்டுரைப் பக்கத்தில் '10.' என்று தொடங்கும் டிஓஐ எண் இருக்கும்; அது அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர அடையாளம். அதைக் குறித்துவைத்து நூலகத் தேடலில் இட்டுத் திறப்பதே நம்பகமான வழி.

கூகுள் ஸ்காலரை விட முடியாதவர்கள் அதன் செட்டிங்கில் 'நூலக இணைப்புகள்' பகுதிக்குப் போய் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிடுங்கள். நூலகம் அந்த வசதியைத் தந்திருந்தால், முடிவுகளின் பக்கத்திலேயே அதன் லிங்க் தெரியும்.

படி 2: எந்தப் பெட்டியில் பாஸ்வேர்ட் போடுகிறீர்கள்?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பதிப்பகத் தளங்களில் லாகின் பெட்டி கண்ணில் படும்படி இருக்கும். அது அந்தத் தளத்தில் தனியாகக் கணக்கு தொடங்கியவர்களுக்கானது. அதில் பல்கலைக்கழகப் பாஸ்வேர்டைப் போட்டால் தவறு என்றுதான் சொல்லும், நாமும் பாஸ்வேர்ட் மறந்துவிட்டதோ என்று மாற்றிக்கொண்டே இருப்போம். அதன் அருகிலோ கீழேயோ 'நிறுவனம் வழியாக நுழைக' என்ற பொருளில் சின்னதாக ஒரு லிங்க் இருக்கும். ஷிபலத், ஓப்பன்ஏதென்ஸ் என்ற லாகின் சேவைகளின் பெயர்களிலும் இருக்கலாம். அதை அழுத்தி, பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று நிறுவனங்கள் வரும், நிதானமாகப் பார்த்து எடுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் பெரும்பாலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் முகவரியில் இருக்கும். வேறு முகவரியாக இருந்தால், அது நூலகம் சொன்ன லாகின் பக்கம்தானா என்று உறுதிசெய்யாமல் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள்.

லாகின் ஆகிறது, உடனே பிழைச் செய்தி வருகிறது என்றால் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அவை தவறாக இருந்தால் சில சமயம் லாகின் தடைபடலாம். 'தானாக நேரம் அமை' என்பதை ஆன் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

படி 3: பிரவுசர்

தனிமை விண்டோ (இன்காக்னிடோ) ஒன்றைத் திறந்து, அதில் நூலகத் தளத்திலிருந்து மறுபடி முயலுங்கள். அதில் திறந்தால், பழைய குக்கீயோ (தளங்கள் பிரவுசரில் சேமித்துவைக்கும் சிறு தகவல்) ஏதாவது எக்ஸ்டென்ஷனோ (பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) காரணமாக இருக்கலாம். எல்லாக் குக்கீகளையும் அழிக்க வேண்டாம்; அந்தப் பதிப்பகம், நூலகம் இரண்டின் குக்கீகளை மட்டும் நீக்குங்கள். விளம்பரத் தடுப்பானை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

படி 4: நெட்வொர்க்

வளாகத்துக்குள் இருந்தும் திறக்கவில்லையா? ஃபோன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கலாம். சொந்தமாகப் போட்டிருக்கும் விபிஎன், ஆப்பிள் கருவிகளில் வரும் ஐகிளவுட் பிரைவேட் ரிலே ஆகியவை உங்கள் ஐபி முகவரியை மறைத்துவிடும். அவற்றை அணைத்துவிட்டு முயலுங்கள். பல்கலைக்கழக விபிஎன் இணைந்தும் பயனில்லை என்றால், அது பல்கலைக்கழகத்தின் உள் தளங்களுக்கான இணையப் போக்குவரத்தை மட்டும் பல்கலைக்கழகம் வழியாக அனுப்பும்படி அமைந்திருக்கலாம். முழுப் போக்குவரத்தையும் அனுப்பும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: லாகின் சரி, இந்தக் கட்டுரை மட்டும் வரவில்லை

இனி சிக்கல் உங்கள் கணினியில் இருக்க வாய்ப்பு குறைவு. சந்தா எந்த ஆண்டுகளுக்கு என்பதை நூலகத் தளத்தில் இதழின் பெயருக்குக் கீழே பாருங்கள். சில தரவுத்தளங்கள் புதிதாக வெளியான கட்டுரைகளைக் குறிப்பிட்ட காலம் கழித்தே தரும். ஜேஸ்டோர் என்ற தரவுத்தளத்தில் பல இதழ்களுக்கு இந்த இடைவெளி 3 முதல் 5 ஆண்டுகள். மின்னூல் என்றால், ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கும் உரிமத்தில் வாங்கியிருக்கலாம். சற்று நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். படித்து முடித்ததும் டேபை மூடுவது அடுத்தவருக்குச் செய்யும் பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கை. மென்பொருள் வைத்து நூற்றுக்கணக்கான பிடிஎஃப்களை மொத்தமாக இறக்காதீர்கள். பதிப்பகம் அதைக் கவனித்து ப்ராக்ஸியின் முகவரியையே முடக்கிவிட்டால், பல்கலைக்கழகம் முழுவதற்கும் அந்தத் தளம் நின்றுபோகும். ஒருவரின் அவசரத்துக்கு எத்தனை பேரின் ஆய்வு காத்துக் கிடக்க வேண்டும்!

படி 6: நூலகருக்கு எழுதுங்கள்

ப்ராக்ஸியில் இந்தத் தளத்தின் பெயர் சேர்க்கப்படவில்லை என்ற பொருளில் பிழை வந்தால், உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. நூலகம்தான் சேர்க்க வேண்டும். தயங்காமல் எழுதுங்கள். 'லிங்க் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், திருப்பிக் கேள்வி கேட்பதிலேயே ஒரு நாள் போய்விடும். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். இன்று மாலை 6:40 மணிக்கு, வளாகத்துக்கு வெளியிலிருந்து, நூலகத் தளத்தின் லிங்க் வழியாக இந்தக் கட்டுரையைத் திறக்க முயன்றேன். லாகின் ஆனது, அதன்பின் 403 (அனுமதி இல்லை) பிழை வருகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும், தனிமை விண்டோவிலும் இதே நிலை. டிஓஐ எண்ணும், முகவரிப் பட்டை தெரியும்படி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்துள்ளேன்."

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கட்டுரையின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுள் ஸ்காலரில் தேடி, 'எல்லாப் பதிப்புகளும்' என்பதை அழுத்துங்கள். ஆசிரியரே தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி வைத்திருக்கக்கூடும். நூலகத்தில் சந்தாவே இல்லை என்று தெரிந்தால், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் சேவைக்கான படிவம் நூலகத் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் அதே டிஓஐ எண்ணைக் கொடுத்தால் போதும்.