பாடி கண்ட்ரோல் மாட்யூலை மாற்றும் முன்

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் கார் ஓட்டுபவர்களுக்குத்தான் இது. இண்டிகேட்டர் தானாக எரிகிறது, வைப்பர் நிற்க மாட்டேன் என்கிறது, சென்ட்ரல் லாக் இஷ்டத்துக்குத் திறக்கிறது என்று போனால் பல மெக்கானிக்குகள் எடுத்த எடுப்பிலேயே "பிசிஎம் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பிசிஎம் என்றால் பாடி கண்ட்ரோல் மாட்யூல், அதாவது இண்டிகேட்டர், வைப்பர், லாக் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி. அவசரப்படாதீர்கள். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு எர்த் வயரும் கனெக்டரும் சீக்கிரம் அரித்துப்போகும், அதனால் பாடியில் எர்த் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், பச்சையோ வெள்ளையோ பொடியாகப் பூத்திருந்தால் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து மாட்டுங்கள். பேட்டரி, ஃபியூஸ் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறமும் கோளாறு இருந்தால், பழைய மாட்யூலைக் கழற்றும் முன்பே ஸ்கேனரில் அதன் செட்டிங்கைப் படித்துச் சேமிக்கச் சொல்லுங்கள், புது மாட்யூலில் ஏற்ற அது தேவைப்படும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பார்ட் நம்பர் அச்சாக ஒத்துப்போக வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் கை வைக்க வேண்டும். பல வண்டிகளில் இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) இதற்குள்ளேயே இருப்பதால், சாவிகளைப் புது மாட்யூலில் பதிய வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் கொண்டுபோங்கள், இல்லையென்றால் புதுசு மாட்டியும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பழைய இரும்புக்கடை மாட்யூல் மலிவுதான், சரி, ஆனால் அது பழைய வண்டியின் சேஸிஸ் நம்பரோடு பூட்டியிருக்கலாம்; உங்கள் வண்டிக்கான கோடிங் (செட்டிங்) அதில் ஏறுமா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.