அப்பாரு சிலோனில் பிறந்தவரா? பழைய பதிவைத் தேடி எடுப்பது எப்படி

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, கோயமுத்தூர் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். ராசிபுரம் பக்கத்துக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மில்லில் கொடுத்த சர்வீஸ் தாளின் நகலைப் பார்த்தால், பிறந்த இடம் 'சிலோன்' என்று இருக்கிறது. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன ஜில்லாக்களில் சேலம் முக்கியமானது. ராசிபுரம், நாமக்கல் எல்லாம் அப்போது அதற்குள்தான். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தடை போடும்வரை கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி) போவதும் நோம்பி, கல்யாணத்துக்கு ஊர் திரும்புவதும் சாதாரணம். அங்கே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) பிறந்து, கைக்குழந்தையாக ஊர் வந்து, பிறகு அதைப் பற்றிப் பேசாமலே வாழ்ந்து முடித்தவர்கள் நிறைய உண்டு.

வீட்டில் உள்ள தாள்களைத் திரட்டுவதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிறந்த தேதியை நம்பாதீர்கள். ஜூன் மாதம் என்று இருந்தால் வாத்தியார் போட்ட தேதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன், தங்கை வயதை வைத்து முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டு விட்டு ஒரு கணக்குக்கு வாருங்கள்.

அடுத்து, பெரியவர்களிடம் கேட்பது. "எப்பப் பொறந்தாரு?" என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, ரயிலில் எங்கே இறங்கினார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். "கண்டி" என்பார்கள், அதைக் கண்டி மாவட்டம் என்று எடுத்துக்கொண்டால் தேடல் தப்பிப்போகும். மலைத்தோட்டம் எல்லாமே அவர்களுக்குக் கண்டிதான். அட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, பதுளை என்று ஸ்டேஷன் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனிதான் என்னை ரொம்ப நாள் நிறுத்தி வைத்த இடம். ஆளைத் தேடாதீர்கள், தோட்டத்தைத் தேடுங்கள். இந்தப் பதிவில் உருப்படியான விஷயம் இது ஒன்றுதான். ராமசாமி, காளியம்மாள் என்று அங்கத்திய பிறப்புப் பதிவேடு நெடுக இருக்கும். எந்தத் தோட்டம் என்று தெரியாமல் யாரையும் பிரித்தெடுக்க முடியாது. எங்களுக்குத் தடயம் கிடைத்தது ஒரு பித்தளைப் போசியில். விளிம்புக்குக் கீழே, புள்ளிபுள்ளியாக வெட்டிய எழுத்தில், கொள்ளுத்தாத்தா பெயர், அதற்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயர். புளி போட்டு விளக்கிய பிறகுதான் படிக்க முடிந்தது.

ஆனால் அந்தப் பெயர் எந்த மேப்பிலும் இல்லை. தோட்டத்து ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் வேறு, துரை வைத்த இங்கிலீஷ் பெயர் வேறு. பதிவேட்டில் இருப்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் பட்டியல் பழைய பெர்குசன் சிலோன் டைரக்டரிகளில் உண்டு. ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மலையகம் பற்றிய தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' (noolaham.org) என்ற தளத்தைப் பாருங்கள், இலவசம். காசு கட்டி உறுப்பினராகும் வம்சாவளித் தளங்கள் வெள்ளைக்காரத் துரையின் பேரனுக்கு உதவும். நமக்கு வீண் செலவு என்பது என் கருத்து. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

தோட்டம் தெரிந்தால் அது எந்தப் பதிவுப் பிரிவில் வருகிறது என்று பார்த்து, இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கோ அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்துக்கோ விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம். பதிவு எண் தெரியாவிட்டால் ஆண்டைச் சொல்லித் தேடச் சொல்ல வேண்டும். முப்பது வருசம் என்று கொடுத்தால் அத்தனையையும் புரட்ட மாட்டார்கள்; மேலே போட்ட வயதுக் கணக்கு இங்கேதான் உதவும். அங்கே தெரிந்தவர் நேரில் போனால் இன்னும் நல்லது.

பெயரை ஒரே எழுத்தில் எதிர்பார்க்காதீர்கள். சின்னப்பன் இங்கிலீஷில் 'எஸ்'ஸிலும் இருப்பார், 'சி'யிலும் இருப்பார். இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

சான்றிதழ் வந்ததும் அதிர்ச்சியாக வேண்டாம். இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கும். பெற்றோர் மணமானவர்களா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தாலும் சண்டைக்குப் போகாதீர்கள். ஊரில் தாலி கட்டிய கல்யாணத்தை அங்கே யாரும் பதியவில்லை, அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை: சிலர் கேட்டதால் இது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரு நாடுகளும் செய்த 1964 சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம் என்றால், மேலே சொன்ன சுற்று வேண்டாம். அப்படி வந்தவர்கள் முதலில் இறங்கித் தங்கிய மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை முதலில் தேடுங்கள், நீலகிரியில் குடியேறிய சொந்தக்காரர் யாரிடமாவது இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு வழியே வேறு. 1860 முதல் 1911 வரையிலான கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் வரை எழுதியிருக்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளையைத் தேடுகிறவர்கள் பெற்றோரின் கூலி எண்ணை (ஒவ்வொரு ஆளுக்கும் போட்ட பதிவு எண்) முதலில் அந்தப் பட்டியலில் பிடியுங்கள். மற்றத் தாள்கள் எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் வரும்.