கொரோனா தொற்றுக் காலத்தில் முதியவர்களின் தோல் புற்றுநோய்க்குக் கரண்ட் (ரேடியேஷன்) வைப்பது: செய்யக்கூடாத தவறுகள்

பென்னாகரம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆயா ஒருவருக்கு மூக்கோரம் மிளகளவு கட்டி. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது அது பொருக்கு உதிர்ந்து, மறுபடி மறுபடி கசியும் புண்ணாகியிருந்தது. முந்தானையால் முகம் துடைத்தால் துணியில் ரத்தப் பொட்டு. "எண்பது வயசுல இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? போனா கொரோனா ஒட்டிக்கும்" என்றார்கள் வீட்டில். அன்பில் சொன்னதுதான். ஆனாலும் என்ன புண் என்றே தெரியாமல் தள்ளிப்போடுவதுதான் இதில் முதல் தவறு, பெரிய தவறும்.

தோல் புற்றுநோய் எல்லாம் ஒன்றில்லை. பேசல் செல் வகை மெதுவாக வளரும், வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது. சின்னதாக இருந்தால் சில மாதம் பொறுக்கலாம் என்று டாக்டரே சொல்வார். ஸ்குவாமஸ் வகை வேகமாக வளரும், நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவலாம். எப்போதோ தீப்பட்ட தழும்பில் கிளம்பும் புற்று பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது நிச்சயமில்லை, சதை எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தர்மபுரி டவுனிலேயே இருக்கிறது. பொறுக்கலாமா கூடாதா என்பதை அந்தத் துளி சதை சொல்லட்டும்.

அப்புறம், பயம். ரேடியேஷனை நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அந்தப் பேரைக் கேட்டே பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஷாக் எதுவும் அடிக்காது. படுக்க வைத்துச் சில நிமிடம் கதிர் காட்டுவார்கள், அவ்வளவுதான். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. இதய நோய்க்காரருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் ஆபரேஷனைவிட இது பல நேரம் தோதாக இருக்கும். வெளியிலிருந்து காட்டும் கதிர் உடம்பில் தங்காது. வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

நான் அதிகம் பார்த்த தவறு, "எத்தனை தடவை வரணும்? குறைக்க முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்காமலே விட்டுவிடுவது. வழக்கமான முறையில் வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், 30 சிட்டிங் வரை போகலாம். தர்மபுரியிலிருந்து தினமும் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போய் வருவதை நினைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரிக்காரர் பெங்களூரு போவதென்றால், ஊரடங்கில் அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லை வேறு. ஒவ்வொரு பயணமும், ஒவ்வொரு காத்திருப்பும் தொற்றுக்கு ஒரு வாய்ப்பு, கூட வரும் மகனுக்கும் சேர்த்துத்தான். அதனால்தான் அந்தக் காலத்தில் டாக்டர்கள் ஒவ்வொரு சிட்டிங்கிலும் டோஸைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பொருத்தமானவர்களுக்கு வாரம் ஒன்றோ இரண்டோ, மொத்தமே ஐந்து, ஆறு. ரத்தக் கசிவையும் வலியையும் அடக்கினால் போதும் என்ற நிலையில் 8 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) ஒரே தடவை கொடுப்பதும் உண்டு. குறைந்த சிட்டிங் என்றால் அரைகுறை வைத்தியம் என்று நினைக்காதீர்கள். பின்னாளில் அந்த இடம் கொஞ்சம் கூடுதலாக வெளிறலாம், தோல் மெலியலாம். முழங்காலுக்குக் கீழே என்றால் புண் ஆற நாளாகும், அங்கே டாக்டர் யோசித்துத்தான் செய்வார்.

தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்துவதும் ஆபத்து. குறிப்பாக ஸ்குவாமஸ் வகையில், தப்பிய செல்கள் அந்த இடைவெளியில் மறுபடி பெருகும். காய்ச்சல், இருமல் வந்தால் மறைத்துக்கொண்டு போகவும் வேண்டாம், சொல்லாமல் நின்றுவிடவும் வேண்டாம். முதலில் போன் செய்து சொன்னால் என்ன செய்வது என்று அவர்களே சொல்வார்கள்.

சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் புண் இன்னும் மோசமானது போலத் தெரியும். சிவக்கும், கசியும், பொருக்குக் கட்டும். இது எதிர்பார்த்ததுதான். இந்த நேரத்தில்தான் மஞ்சளும் சுண்ணாம்பும் பச்சிலையும் வீட்டுக்குள் வரும். எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், டாக்டர் தந்த களிம்பு, அது போதும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. மாஸ்க் விளிம்பு உரசினால் மெல்லிய பழைய பருத்தித் துணியில் தளர்வாகத் தைத்துக் கொடுங்கள். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் ஆறிவிடும்.

வீடு தேடி வந்து மருந்து தரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் அந்தத் திட்டப் பணியாளரிடம், முந்தானைக்குள் மறைத்து வைத்திருக்கும் புண்ணையும் காட்டச் சொல்லுங்கள்.