பழைய மரத்தில் தச்சுப் பயிற்சி: எங்கே கோட்டை விடுகிறோம்?

இடித்த கட்டடத்து உத்தரமும் கதவு நிலையும் பயிற்சிப் பட்டறைக்கு வந்ததும், ‘பழகுகிறவர்கள்தானே, வீணானால் போகட்டும்’ என்று அப்படியே தள்ளிவிடுவதுதான் முதல் தவறு. முதன்முதலாகக் கழுந்து (இன்னொரு கட்டையின் துளைக்குள் செருகும் நாக்கு) வெட்டுகிறவருக்கு முறுக்கிய கட்டையைக் கொடுத்தால், மூட்டு பொருந்தாததற்குக் காரணம் தன் கையா மரமா என்றே அவருக்குப் புரியாது. நேர் ரேகை ஓடும் துண்டுகளைப் பொறுக்கி முதலில் கொடுங்கள். கோணல் கட்டை பிறகு வரட்டும்.

ஆணி பிடுங்குவதை எடுபிடி வேலையாக நினைத்து வேறு ஆளிடம் விடுகிறார்கள். உண்மையில் பாதிப் பாடம் அங்கேதான் இருக்கிறது. முனை மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அதை நிமிர்த்தி, முனையில் தட்டித் தலையை மேலே கொண்டுவர வேண்டும். துரு பிடித்து இறுகியதைத் தலையில் லேசாக ஒரு அடி அடித்தால் பிடி விடும். அதன்பின் நெம்பினால் தலை முறிவது குறையும். நெம்புகோலுக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள், பலகையில் பள்ளம் விழாது. கண்ணாடி அணியாமல் யாரும் ஆணியைத் தொடக்கூடாது.

காந்தத்தை மட்டும் நம்புவதும் பிசகு. பித்தளைத் திருகாணியை அது காட்டாது. மெட்டல் டிடெக்டரை நான்கு பக்கமும் ஓட்டி, சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் சாந்தையும் மணலையும் தேய்த்தெடுக்க வேண்டும். மணலும் பிளேடின் கூரைத் தின்னும். தப்பிய ஒரே ஒரு ஆணித்துண்டு பிளேனர் (இழைப்பு இயந்திரம்) பிளேடில் பல் விழச் செய்தால், அதன்பிறகு இழைக்கும் ஒவ்வொரு பலகையிலும் ஒரு வரி மேடு நிற்கும்.

‘பழைய மரம், காய்ந்துதானே இருக்கும்’ என்பார்கள். மழையில் கிடந்திருந்தால் இருக்காது. ஒரு முனையை அறுத்து, புதிதாக அறுத்த முகத்தில் ஈரப்பத மீட்டரைக் குத்திப் பாருங்கள். ஆணிக்குப் பக்கத்தில் குத்தினால் அளவு பொய்யாக வரும். வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு 8 முதல் 12 சதவீதம் போதும். அடுக்கும்போது பலகைகளுக்கு இடையில் 2 அடிக்கு ஒரு 1 அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), எல்லா ரீப்பரும் மேலிருந்து கீழ் ஒரே நேர்கோட்டில். விலகினால் பலகை அங்கே வளையும். மரத்திலுள்ள பூச்சித் துளைக்குக் கீழே மாவு போலப் புதுத் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கலாம். அந்தக் கட்டையைத் தனியே வையுங்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உப்புத்தாள் போடாதீர்கள். பச்சை சாயல் கொண்ட, மருந்து ஏற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும். அதைப் பயிற்சிக்கும் எடுக்க வேண்டாம், துண்டுகளை அடுப்பிலும் போட வேண்டாம்.

நீளவாக்கில் அறுக்கும்போது உள்ளிறுக்கம் விடுபட்டு, வெட்டுவாய் மூடி பிளேடைக் கவ்வும். கட்டை ஆள்மேல் திரும்பப் பாயும். வட்ட ரம்பத்தின் பிளேடுக்குப் பின்னாலுள்ள பிரிப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு யாரையும் அறுக்கவிடாதீர்கள். பழகுநர் பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒருபக்கமாக நிற்கட்டும்.

பழைய துளை, வெட்டுக்காடி உள்ள உத்தரத்தை மீண்டும் பாரம் தாங்க வைக்கலாமா என்பதைப் பட்டறையில் முடிவுசெய்யக் கூடாது. அது கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டிய விஷயம். அவர் பார்க்கும்வரை பெஞ்சு, அலமாரி, பெட்டி என்று செய்து பழகலாம்.