லிவர்பூலில் ஒரு சனிக்கிழமை: சாப்பாடு, பாட்டு, பந்து

பிரிட்டன் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது லிவர்பூல் ஃபுட்பால் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு டிக்கெட் பற்றித்தான். அது கிடைப்பது கஷ்டம். லிவர்பூல் கிளப்பின் லீக் ஆட்டங்களுக்கு சீசன் டிக்கெட்காரர்களும் உறுப்பினர்களும் போக மிச்சம் எதுவும் இருக்காது. காசு கட்டி உறுப்பினர் ஆனாலும் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். மைதான வாசலில் "டிக்கெட் வேணுமா" என்று கிசுகிசுப்பவரிடம் வாங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் ஃபுட்பால் டிக்கெட்டைக் கைமாற்றி விற்பது இங்கிலாந்தில் 1994-லிருந்தே கிரிமினல் குற்றம்.

நான் சொல்லும் வழி வேறு. மெர்சி ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போங்கள். அங்கே பர்க்கன்ஹெட் என்ற ஊரில் டிரான்மியர் ரோவர்ஸ் என்றொரு சின்ன கிளப் இருக்கிறது. அதன் மைதானம் பிரென்டன் பார்க். 1912-லிருந்து அங்கேதான் ஆடுகிறார்கள். குமரிக் கடற்கரையில், திருவிழா டோர்னமென்ட்டுகளில் பந்து பார்த்து வளர்ந்தவன் நான். அக்கா லிவர்பூலில் நர்ஸாக இருப்பதால் அந்த ஊருக்குப் போக்குவரத்து உண்டு. அந்த நாட்டுச் சாப்பாடு, பாட்டு, பந்து மூன்றையும் ஒரே நாளில், ஊர்க்காரர்களோடு தோள் உரசி அனுபவிக்க வேண்டும் என்றால் இந்த மாதிரி ஒரு கிளப்தான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் தேதி. சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் நேரம். சனிக்கிழமை 2.45-லிருந்து 5.15 வரை பிரிட்டனில் எந்த சேனலிலும் நேரலையாக ஃபுட்பால் காட்டமாட்டார்கள். டிவியில் பெரிய கிளப்பைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டால் சின்ன கிளப்புகளின் வாசல் காலியாகிவிடும் என்பதற்காகப் போட்ட தடை அது. பிரீமியர் லீக் ஆட்டங்களை டிவிக்காக ஞாயிறு, திங்கள் என்று நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். அதை நம்பி விமான டிக்கெட் போடுவது ஆபத்து. கீழ் அடுக்குகளில் பெரும்பாலும் சனிக்கிழமை 3 மணி நிற்கும், என்றாலும் போகுமுன் கிளப்பின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிக்கெட்டையும் அங்கேயே வாங்கலாம்.

லண்டன் யூஸ்டனிலிருந்து லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட்டுக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம். சில வாரம் முன்பே 'அட்வான்ஸ்' டிக்கெட் எடுத்தால் காசு மிச்சம். காலையில் இறங்கியதும் ஹோப் ஸ்ட்ரீட்டில் நடந்து பாருங்கள். தெருவின் ஒரு முனையில் ஆங்கிலிக்கன் பேராலயம், மறுமுனையில் கத்தோலிக்கப் பேராலயம், நடுவில் பில்ஹார்மோனிக் இசை அரங்கம். எதிரே அதே பெயரில் ஒரு பப். அதன் மர வேலைப்பாட்டையும் பளிங்கையும் பார்க்கவே உள்ளே போகலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஸ்கௌஸ் கேளுங்கள். லிவர்பூல்காரர்களுக்கே ஸ்கௌஸர் என்ற பட்டம் இந்தக் குழம்பால் வந்ததுதான். மாட்டுக்கறி அல்லது ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், அவ்வளவுதான். பாதி கிழங்கு கரைந்து குழம்பு தானாகக் கெட்டியாகும்வரை மெதுவாக வேகவைப்பார்கள். எங்கள் ஊர் இஸ்டுவிலிருந்து தேங்காய்ப்பாலையும் பச்சை மிளகாயையும் எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி. கூடவே வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸும் ரொட்டியும் வரும். முட்டைக்கோஸைத் தனியாகச் சாப்பிடாமல் ஒவ்வொரு கரண்டியோடும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். காரத்துக்குப் பழகிய நாக்குக்கு அந்தப் புளிப்புதான் துணை. கறி போடாத ஸ்கௌஸும் உண்டு, 'பிளைண்ட் ஸ்கௌஸ்' என்று கேட்க வேண்டும். கையில் காசில்லாத வாரங்களில் துறைமுகத் தொழிலாளர் வீடுகளில் வெந்தது அது. சைவக்காரர்கள் அதிலும் மாமிச ஸ்டாக் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஒரு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். மெர்சிரயில் என்ற உள்ளூர் ரயில் ஆற்றுக்கு அடியில் போகும். அந்தச் சுரங்கம் 1886-ல் திறந்தது. பர்க்கன்ஹெட் சென்ட்ரலில் இறங்கி, வெள்ளை ஸ்கார்ஃப் போட்டவர்கள் பின்னாலேயே நடந்தால் மைதானம் வந்துவிடும், வழி கேட்கவே வேண்டாம். பெரிய பையை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எதிரணியின் நிறத்தில் சட்டை மட்டும் வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போது 'கோப்' ஸ்டாண்டு என்று பார்த்து எடுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள அந்தப் பக்கத்தில்தான் பாடுகிறவர்கள் இருப்பார்கள்.

இந்தக் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பக்கத்து சீட்டுக்காரர் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார். ஒரே சீசனில் 60 லீக் கோல் அடித்த டிக்ஸி டீன் பர்க்கன்ஹெட்டில் பிறந்து, இங்கே ஆடத் தொடங்கி, பிறகு லிவர்பூல் நகரின் இன்னொரு பெரிய கிளப்பான எவர்டனுக்குப் போனவர். அந்த 1927-28 சாதனையை இங்கிலாந்தின் முதல் பிரிவில் இன்றுவரை யாரும் தொடவில்லை. 2015-ல் டிரான்மியர் இங்கிலாந்தின் மேல் நான்கு அடுக்குகளை விட்டே வெளியே விழுந்தது. 2018-ல் திரும்பி ஏறி வந்தது. அந்த வருடங்களை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். எந்த ஊருக்கு எந்த மழையில் போனோம் என்பதுவரை சொல்வார்கள்.

ஆட்டக்காரர்கள் களத்துக்கு வரும்போது ஒலிபெருக்கியில் 'ராக்ஃபோர்டு ஃபைல்ஸ்' என்ற பழைய அமெரிக்க டிவி தொடரின் இசை வரும். ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குத் தாளம் தட்டுவார்கள். உடம்பு சிலிர்க்கும்.

பாட்டுக்கும் பந்துக்கும் இங்கே எத்தனை நெருக்கம் என்பதற்கு ஒரு கதை. ஹாஃப் மேன் ஹாஃப் பிஸ்கட் என்று பர்க்கன்ஹெட்டிலிருந்து வந்த இசைக்குழு. 1980-களில் சேனல் 4-ன் 'தி ட்யூப்' நிகழ்ச்சியில் பாட அழைப்பு வந்தது. எந்தப் புதுக்குழுவும் ஏங்கும் மேடை அது. அன்றைக்கு இரவு டிரான்மியருக்கு மேட்ச் இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஹெலிகாப்டரில் கொண்டுவந்து மைதானத்தில் விடுகிறோம் என்றதற்கும் மசியவில்லை. சனிக்கிழமையில் ஊர் ஜனம் லிவர்பூலுக்கும் எவர்டனுக்கும் போய்விடும் என்பதால் அப்போது டிரான்மியர் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆடிக்கொண்டிருந்தது. டிவி நிகழ்ச்சியும் வெள்ளிக்கிழமை. அந்தக் குழு எடுத்த முடிவு எனக்கு நூற்றுக்கு நூறு சரியாகப் படுகிறது.

கூட்டத்தோடு பாடுவது எப்படி? வரிகளை முன்கூட்டி மனப்பாடம் செய்ய வேண்டாம். பின்வரிசையில் யாரோ ஒருவர் எடுத்துக்கொடுப்பார். முதல் சுற்று கேளுங்கள், இரண்டாவது சுற்றில் கைதட்டுங்கள், மூன்றாவதில் சேர்ந்துகொள்ளுங்கள். மெட்டு ஏதாவது பழைய தேவாலயப் பாட்டாகவோ பாப் பாட்டாகவோ இருக்கும், சொற்கள் மட்டும் மாறும். நீங்களாக எதையும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது எழும் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். ஜெயிக்கும்போது பாடுவதைவிட அதில் கனம் அதிகம். நிறத்தையோ நாட்டையோ வைத்து யாராவது கூவினால் மஞ்சள் அங்கி போட்ட ஸ்டூவர்டிடம் (மைதான ஊழியர்) தயங்காமல் சொல்லுங்கள். மைதானத்தில் இனவெறிக் கோஷம் 1991 சட்டப்படி குற்றம், நடவடிக்கை உண்டு.

இடைவேளை 15 நிமிடம்தான். 43-வது நிமிடத்தில் எழுந்து போனால் வரிசையில் முன்னால் நிற்கலாம். வாங்க வேண்டியது பை (pie), அதாவது உள்ளே கறி வைத்துச் சுட்ட மாவுப் பண்டம். உள்ளங்கை அகல ஃபாயில் தட்டில், மேலே பொன்னிறமாக மூடி போட்டு, உள்ளே கறியும் கிரேவியும் கொதித்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுக் கடித்தால் மேலண்ணம் வெந்துவிடும். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் தன் பையைக் காட்டி, "முதல்ல மூடியை ஒரு ஓரமா தூக்கி ஆவியை விடு கண்ணு" என்று எனக்குச் சொல்லித்தந்தார். மரக்கரண்டியால் மூடியின் ஓரத்தைக் கிளப்பி, அரை நிமிடம் பொறுத்து, மூடியையே அப்பளம்போல் உடைத்து கிரேவியில் தோய்த்துச் சாப்பிட்டார். அதுவே சரியான முறை. மாட்டுக்கறி வேண்டாதவர்கள் 'ஸ்டேக்', 'மின்ஸ்' என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு, சீஸும் வெங்காயமும் வைத்த பை கேளுங்கள். கூடவே காகிதக் கப்பில் எல்லாரும் உறிஞ்சும் கறுப்புத் திரவம் டீ இல்லை, போவ்ரில். மாட்டுக்கறிச் சாறு அது. ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போகும்போது அதன் அருமை தெரியும். பீர் வாங்கினால் உள்ளேயே குடித்து முடித்துவிட வேண்டும், களம் தெரியும் இடத்துக்கு எடுத்துவர 1985-லிருந்து சட்டத் தடை.

ஆட்டம் முடிய ஐந்து மணி ஆகும். டிசம்பர் என்றால் அதற்குள் இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இப்போது சிப்பி, அதாவது மீனும் சிப்ஸும் பொரிக்கும் கடை. சுற்றுலாப் படகுத்துறைப் பக்கத்துக் கடைகளை விட்டுவிட்டு, வீடுகள் இருக்கும் தெருவில் வரிசை நிற்கும் கடையாகப் பாருங்கள். கடற்கரைக்காரன் என்பதால் மீன் விஷயத்தில் நான் சுலபத்தில் திருப்திப்படமாட்டேன். நல்ல சிப்பியில் மாவுக்கூட்டைப் பிளந்தால் உள்ளே காட் மீன் வெள்ளை வெள்ளையாக இதழ் பிரியும், எண்ணெய் ஒட்டாது. ஹேடக் இருந்தால் அதைக் கேளுங்கள், சுவை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஏற்கெனவே பொரித்து அடுக்கியதைக் காட்டினால், புதிதாகப் போடச் சொல்லிக் காத்திருங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். "சால்ட் அண்டு வினிகர்?" என்று கேட்பார்கள், இரண்டுக்கும் சரி சொல்லுங்கள். ஒன்று முக்கியம்: வட இங்கிலாந்தில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். உங்களுக்கு ஆகாதென்றால் எந்த எண்ணெய் என்று முதலிலேயே கேளுங்கள், சிப்ஸுக்கும் அதே எண்ணெய்தான். லிவர்பூலில் சீனக் குடும்பங்கள் நடத்தும் சிப்பிகள் நிறைய. அங்கே பச்சை மிளகாய், வெங்காயம், மசாலா போட்டுப் புரட்டிய 'சால்ட் அண்டு பெப்பர்' சிப்ஸ் கிடைக்கும். நம் நாக்குக்கு அந்த ஊர் செய்த உபகாரம் அது.

இரவுக்குப் பாட்டு. மேத்யூ ஸ்ட்ரீட்டின் கேவர்ன் கிளப்புக்கு எல்லாரும் போவார்கள், நீங்களும் போங்கள். பீட்டில்ஸ் 1961-லிருந்து 1963 வரை முந்நூறு தடவைக்குக் கொஞ்சம் குறைவாகப் பாடிய இடம். பழைய கட்டடம் 1973-ல் மூடப்பட்டு, இப்போதுள்ளது 1984-ல் அதே செங்கற்கள் பலவற்றை வைத்து எழுப்பியது. ஒரு மணி நேரம் போதும். அதற்குப் பிறகு ஐரிஷ் பப் ஒன்றைத் தேடுங்கள். 1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் லிவர்பூலில் வந்து இறங்கினார்கள், அவர்கள் வயலினும் அவர்களோடு வந்தது. மேடை, மைக் எதுவும் இல்லாமல் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். கவுன்ட்டரில் போய் நீங்களே வாங்கிக் காசு கொடுத்து (மேஜைக்கு யாரும் வரமாட்டார்கள், ஆரஞ்சு ஜூஸ் வாங்கினாலும் மரியாதைதான்) சற்றுத் தள்ளி உட்காருங்கள். வேகமான மெட்டுக்குப் பேசலாம், காலால் தாளம் போடலாம். யாராவது கண்ணை மூடிக்கொண்டு வாத்தியமில்லாமல் பாட ஆரம்பித்தால் அந்த அறை முழுக்க வாய் மூடும். போனையும் அப்போது உள்ளே வைத்துவிடுங்கள்.

ஞாயிறு காலை ஆன்ஃபீல்டுக்குப் போய்விட்டு வாருங்கள், ஆட்டம் இல்லாத நாளில். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி உயிரிழந்த 97 லிவர்பூல் ரசிகர்களின் பெயர்கள் அங்கே நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன. பழியை ரசிகர்கள்மேலேயே போட்டு எழுதிய 'தி சன்' பத்திரிகையை இந்த ஊரில் இன்றும் பலர் தொடுவதில்லை, நீங்களும் கையில் வைத்திருக்காதீர்கள். ஆட்டத்துக்கு முன்னால் அங்கே எழும் 'யூ வில் நெவர் வாக் அலோன்' 1945-ல் ஓர் அமெரிக்க இசை நாடகத்துக்கு எழுதியது. 1963-ல் ஜெர்ரி அண்டு தி பேஸ்மேக்கர்ஸ் என்ற லிவர்பூல் குழு பாடி முதலிடத்துக்கு வந்தபோது கூட்டம் பிடித்துக்கொண்டது. ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு அந்தப் பாட்டைக் கண் கலங்காமல் பாடும் பெரியவர்கள் அங்கே குறைவு.

பிற்பகலில் எவர்டன் பெண்கள் அணிக்கு உள்ளூர் ஆட்டம் இருந்தால் விடாதீர்கள். ஆண்கள் அணி 2025-ல் துறைமுகக்கரைப் புது மைதானத்துக்குப் போய்விட்டது, அவர்களுடைய பழைய மைதானம், 1892-ல் திறந்த குடிசன் பார்க், இப்போது பெண்களுடையது. 1920 டிசம்பர் 26 அன்று இதே மைதானத்தில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆட 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த வருடமே ஃபுட்பால் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது, அது விலக அரை நூற்றாண்டு ஆனது. இன்று அங்கே பெண் குழந்தைகள் தங்கள் ஆட்டக்காரியின் பெயர் போட்ட சட்டையோடு முன்வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். இந்த டிக்கெட் ஆன்ஃபீல்டு டிக்கெட்டைவிட எத்தனையோ மடங்கு சுலபமாகக் கிடைக்கும். ஞாயிறு ரோஸ்ட்டை (சுட்ட கறியும் கிழங்குமாக வரும் ஞாயிறு மதியச் சாப்பாடு) மட்டும் ஆட்டத்துக்கு முன்பே, பன்னிரண்டு மணிக்குப் பப் திறந்ததும் முடித்துவிடுங்கள். சாயங்காலம் போனால் அதோடு தரும் யார்க்‌ஷர் புட்டிங் என்ற உப்பிய மாவுப் பண்டம் தீர்ந்துபோயிருக்கும்.